பைபிசி மட்டும் போதுமா?

பத்தாம் வகுப்பு முடிவு வருவதற்கு முன்பே எங்கள் திருப்பதியில் தனியார் ஜூனியர் காலேஜ்களின் பி.ஆர்.ஓ.க்கள் வீடு தேடி வந்துவிடுகிறார்கள். கையில் ரேங்க் எடுத்த பிள்ளைகளின் படம் போட்ட நோட்டீஸ். டாக்டராக வேண்டுமென்றால் இன்றைக்கே சீட் போட்டுவிடுங்கள் என்பார்கள். பிள்ளைக்கு அப்போது வயது பதினைந்து. ஜூனியர் காலேஜில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். நகரி, புத்தூர், சித்தூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் என்னிடம் வந்து கேட்பது ஒன்றுதான்: "மேடம், பைபிசி போட்டா போதுமா?"

பைபிசி என்றால் இயற்பியல், வேதியியல், உயிரியல், அதோடு ஆங்கிலம். இவை இருந்தால் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் எழுதலாம். உயிரியலுக்குப் பதில் பயோடெக்னாலஜி படித்தவர்களும் எழுதலாம். இன்டரில், அதாவது பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில், இந்த மூன்று அறிவியல் பாடங்களையும் சேர்த்துப் பொதுப் பிரிவினர் 50 சதவீதமும், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிள்ளைகள் 40 சதவீதமும் எடுத்திருக்க வேண்டும். அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வாசல். அதற்கு மேல் இன்டர் மதிப்பெண் எம்.பி.பி.எஸ். ரேங்கில் சேராது. அதனால்தான், மார்க் கொட்டும் என்று எல்லாப் பிள்ளைகளையும் இரண்டாம் மொழியாக சமஸ்கிருதம் எடுக்கவைக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. தமிழ்ப் பிள்ளை தமிழே எடுத்துப் படிக்கலாம். டாக்டர் சீட்டுக்கு அதனால் ஒரு மார்க்கும் குறையாது.

நீட் 720 மதிப்பெண். அதில் 360 உயிரியல், இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 180 வீதம். இரண்டு பேர் சம மார்க் எடுத்தால் முதலில் பார்ப்பதும் உயிரியலைத்தான். இதைக் கேட்டதும் பெற்றோருக்கு உயிரியலை நெட்டுருப் போட்டால் போதும் என்று தோன்றிவிடுகிறது. நான் பார்த்த வரையில் பிள்ளைகள் விழுவது இயற்பியலில்தான். காரணம் பத்தாம் வகுப்போடு கணக்கை மூட்டை கட்டிவிடுவது. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலின் முதல் சில பாடங்களிலேயே வெக்டர் வரும், திரிகோணமிதி வரும், கொஞ்சம் கால்குலஸும் வரும். கணக்கு வகுப்பே இல்லாத பைபிசி பிள்ளை அதை எங்கே கற்றுக்கொள்ளும்? 180 கேள்விக்கு 180 நிமிடம். தவறான விடைக்கு ஒரு மார்க் போகும். இயற்பியலில் தடுமாறி நேரத்தை விட்ட பிள்ளை, தனக்கு நன்றாகத் தெரிந்த உயிரியலிலும் மார்க்கை இழக்கிறது. அதனால் பைபிசி எடுங்கள், ஆனால் பத்தாம் வகுப்பு விடுமுறையிலேயே லாகரிதமும் வெக்டரும் சொல்லித்தர ஒரு கணக்கு ஆசிரியரைப் பிடியுங்கள். லட்சக்கணக்கில் கட்டும் லாங் டேர்ம் கோச்சிங்கைவிட இது பிள்ளைக்கு அதிகம் உதவும் என்று உறுதியாகச் சொல்வேன்.

டாக்டரா இன்ஜினீயரா என்று பிள்ளைக்கே இன்னும் தெரியவில்லையா? அதற்கும் இப்போது வழி உண்டு. ஆந்திர இன்டர் போர்டு 2025-26இல் பாடத்திட்டத்தை என்.சி.இ.ஆர்.டி.யோடு இணைத்தபோது, தாவரவியலையும் விலங்கியலையும் ஒரே உயிரியலாக்கி, கணக்கையும் உயிரியலையும் சேர்த்துப் படிக்க இடம் கொடுத்தது. நீங்கள் சேரும் காலேஜில் அது நடக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உயிரியல் இல்லாமல் கணக்கு, இயற்பியல், வேதியியல் படிக்கும் எம்பிசி முடித்த பிறகு மனம் மாறியவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. உயிரியலைக் கூடுதல் பாடமாகத் தனியே எழுதித் தேறினால் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது.

எங்கள் எல்லைப்புறத்துக்காரர்கள் பெரும்பாலும் கேட்க மறப்பது, எந்த ஊரில் படிப்பது என்பதை. நகரிப் பையன் ஒருவன் பத்து வரை இங்கே படித்தான். தாய்மாமன் தமிழ்நாட்டில் திருத்தணியில் இருக்கிறார், தமிழில் படித்தால் பிள்ளைக்குச் சுலபம் என்று பிளஸ் ஒன்னுக்கு அங்கே அனுப்பிவிட்டார்கள். நீட்டில் நல்ல மார்க்தான். ஆனால் கவுன்சிலிங்கில் அவன் நான்-லோக்கல் ஆகிவிட்டான். 1974ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, மாநில ஒதுக்கீட்டில் 85 சதவீத இடம் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு. உள்ளூர் என்றால் இன்டர் இரண்டாம் ஆண்டோடு முடியும் தொடர்ச்சியான நான்கு கல்வியாண்டுகள் அந்தப் பகுதியிலேயே படித்திருக்க வேண்டும். பழைய சித்தூர், கடப்பா, அனந்தபூர், கர்னூல், நெல்லூர் மாவட்டங்கள் சேர்ந்த ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகப் பகுதிதான் நமக்கு உள்ளூர். ஒன்பதும் பத்தும் இங்கே, அடுத்த இரண்டு வருடம் அங்கே என்றால் அந்த உரிமை அறுந்துபோகிறது. தமிழ்நாட்டு அரசு 2020இல் சட்டமாக்கிய 7.5 சதவீத உள் ஒதுக்கீடாவது கிடைக்குமா என்றால், அதுவும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்குள்ள அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. அந்தப் பையனுக்கு மிஞ்சியது அகில இந்திய ஒதுக்கீடும், எல்லோரும் மோதும் ஒரு சிறு பங்கும்தான்.

இத்தனைக்கும் கல்லூரிகள் நம் கண்ணெதிரே இருக்கின்றன. திருப்பதியில் 1960இல் தொடங்கிய எஸ்.வி. மருத்துவக் கல்லூரியும் ரூயா ஆஸ்பத்திரியும். அதே ஊரில் ஸ்விம்ஸ் மருத்துவ நிறுவனத்தில் 2014 முதல் பெண்களுக்கென்றே ஸ்ரீ பத்மாவதி மருத்துவக் கல்லூரி. சித்தூரில் அப்பல்லோ, குப்பத்தில் பி.இ.எஸ். இவற்றின் கன்வீனர் கோட்டா இடங்களுக்கான கவுன்சிலிங்கை விஜயவாடாவிலுள்ள என்.டி.ஆர். சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் நடத்துகிறது.

தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் நீட்டைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் தமிழ் வினாத்தாள் ஆந்திர மையங்களில் கிடைப்பதில்லை. விண்ணப்பிக்கும்போதே தமிழ்நாட்டு மையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்வுக்காக ஒரு நாள் எல்லை தாண்டலாம், படிப்பை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

காலேஜில் பணம் கட்டுவதற்கு முன், "லேபைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஆறாம் வகுப்பு முதல் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் ஸ்டடி சர்டிஃபிகேட்டை இப்போதே வாங்கி ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். கவுன்சிலிங் நேரத்தில் பழைய பள்ளிகளுக்கு அலைவது பெரும் பாடு. லோக்கல் விதிகளில் மாற்றம் வரலாம், அதனால் அந்தந்த ஆண்டுப் பல்கலைக்கழக அறிவிப்பை நீங்களே படியுங்கள். தெலுங்கும் ஆங்கிலமும் புரியாவிட்டால் பக்கத்தில் ஓர் ஆசிரியர் இருப்பார், தயங்காமல் போய்க் கேளுங்கள்.