விடுதி அறைக்குத் தள்ளுபடி: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

கோடை விடுமுறை நெருங்குகிறது. ஊட்டி, கொடைக்கானல் என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கியிருப்பார்கள். முன்பெல்லாம் தெரிந்தவர் மூலம் லாட்ஜுக்குப் போன் போட்டு அறை சொல்லி வைப்போம். இப்போது மேக் மை ட்ரிப், கோஐபிபோ, அகோடா, புக்கிங் டாட் காம், ஓயோ என்று கைபேசியைத் திறந்தால் போதும். 50 சதவீதம், 60 சதவீதம் தள்ளுபடி என்று அறைகள் வரிசையாக வந்து நிற்கின்றன.

இந்தத் தளங்கள் தேவையில்லை என்று சொல்ல இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. தெரியாத ஊரில் எந்தத் தெருவில் எத்தனை விடுதி இருக்கிறது, அறை எப்படி இருக்கும், தங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை வீட்டிலிருந்தே பார்க்க முடிவது பெரிய வசதி. ஆனால் அவை காட்டும் தள்ளுபடி வேறு, நம் கையில் மிஞ்சும் பணம் வேறு. அந்த வித்தியாசம் புரிந்தால் நம் சகோதர, சகோதரிகள் ஒரு பயணத்தில் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாயைச் சுலபமாக மிச்சப்படுத்தலாம்.

அடித்துக் காட்டப்படும் விலையை முதலில் மறந்துவிடுங்கள். 4,200 ரூபாயைக் கோடு போட்டு அடித்துவிட்டு 1,899 என்று பச்சை எழுத்தில் காட்டுவார்கள். அந்த 4,200 ரூபாய் கொடுத்து யாரும் அந்த அறையில் தங்கியிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. அது விடுதி எழுதி வைத்திருக்கும் உச்ச விலை, அவ்வளவுதான். நாம் பார்க்க வேண்டியது கடைசிப் பக்கத்தில், பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே வரும் மொத்தத் தொகையை மட்டும்.

ஓர் உதாரணக் கணக்கு. அத்தா, அம்மா, நன்னி, மூன்று பிள்ளைகள் என ஆறு பேர், இரண்டு இரவுகள். 1,899 ரூபாய் என்பது ஓர் அறைக்கு, ஓர் இரவுக்கு, வரி சேர்க்காமல். இரண்டு அறை, இரண்டு இரவு என்றால் 7,596 ரூபாய். 5 சதவீத ஜி.எஸ்.டி. 380 ரூபாய். பெரிய பிள்ளைக்குக் கூடுதல் படுக்கை ஓர் இரவுக்கு 500 என்றால் 1,000 ரூபாய். தளத்தின் சேவைக் கட்டணம் 199. ஆக மொத்தம் 9,175 ரூபாய். இன்னொரு தளத்தில் தள்ளுபடி என்ற பேச்சே இல்லாமல், வரி, கூடுதல் படுக்கை, காலை உணவு எல்லாம் சேர்த்து அறைக்கு 2,150 என்று இருந்தால் அது 8,600 ரூபாய்தான். முதல் பக்கத்தில் விலை கூடுதலாகத் தெரிந்த அறைதான் இங்கே மலிவு. அதனால் தேடும்போதே ஆட்களின் எண்ணிக்கையையும் பிள்ளைகளின் வயதையும் சரியாகக் கொடுங்கள். ‘இரண்டு பேர்’ என்று போட்டுத் தேடிவிட்டு ஆறு பேராகப் போய் இறங்கினால், விடுதிக்காரர் அங்கே கேட்கும் தொகையைக் கொடுத்தே ஆக வேண்டியிருக்கும்.

வரியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 7,500-ஐத் தாண்டினால் 18 சதவீதம். எனவே 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875 ரூபாய். 7,600 ரூபாய் அறைக்கு 8,968 ரூபாய். நூறு ரூபாய் வித்தியாசம் ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. பெருநாள் விடுமுறையில் கூட்டுக் குடும்பமாகப் பெரிய அறை எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து, பட்டியலில் முதலில் நிற்கும் விடுதி ஏன் முதலில் நிற்கிறது? ‘பரிந்துரை’ என்ற வரிசையில் வருவது மலிவானதாகவோ நல்லதாகவோ இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு பதிவுக்கும் விடுதி அந்தத் தளத்துக்குக் கமிஷன் கொடுக்கிறது. நூற்றுக்குப் பதினைந்து, இருபது ரூபாய் என்பது சாதாரணம். கூடுதலாகக் கொடுப்பவர் மேலே ஏறுவதும் உண்டு. விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் ட்ரிவாகோ நிறுவனத்துக்கு 2022-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 4 கோடியே 47 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது இதனால்தான். மலிவான விலையைக் காட்டுவதாக விளம்பரம் செய்துவிட்டு, தனக்கு அதிகம் கொடுத்த தளங்களின் விலையை அது முன்னால் வைத்திருந்தது. ஆகவே வரிசையை ‘குறைந்த விலை முதலில்’ என்றோ, ‘விருந்தினர் மதிப்பீடு’ என்றோ நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள். மதிப்பீடுகளில் ஐந்து நட்சத்திரமும் வேண்டாம், ஒரு நட்சத்திரமும் வேண்டாம். இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் கடந்த சில மாதங்களில் எழுதியதைப் படியுங்கள். சுடுதண்ணீர் வரவில்லை, வண்டி நிறுத்த இடமில்லை, குடும்பத்தோடு தங்கச் சங்கடம் என்ற உண்மைகள் அங்கேதான் கிடைக்கும்.

‘ஓர் அறைதான் மிச்சம்’, ‘பதினான்கு பேர் இப்போது பார்க்கிறார்கள்’ என்று சிவப்பு எழுத்தில் வரும். பதற வேண்டாம். விடுதி அந்தத் தளத்துக்கு ஒதுக்கிய அறைகளில் ஒன்றுதான் மிச்சம் என்பது பெரும்பாலும் அதன் பொருள். விடுதியில் பத்து அறை காலியாக இருக்கலாம். இப்படிப் பொய்யாக அவசரப்படுத்துவதை நம் நாட்டின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் தடை செய்திருக்கிறது. கேட்காமலே காப்பீட்டையும் நன்கொடையையும் கணக்கில் சேர்ப்பதும், கடைசிப் பக்கத்தில் மட்டும் கட்டணங்களை வெளிக்காட்டுவதும் அதே தடைப் பட்டியலில் வருகின்றன. பணம் கட்டும் பக்கத்தில் தானாக டிக் ஆகியிருக்கும் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்துவிடுங்கள்.

விடுதிக்கு ஒரு போன்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: தளத்தில் தேடுங்கள், பிடித்த இரண்டு மூன்று விடுதிகளுக்கு நேரடியாகப் போன் செய்யுங்கள். “தளத்தில் வரியோடு இவ்வளவு போட்டிருக்கிறது, நேரடியாக வந்தால் என்ன விலை தருவீர்கள்?” என்று கேட்பதில் கூச்சம் எதுவும் இல்லை. கமிஷன் மிச்சமாவதால் சிறிய விடுதிகள் பல குறைத்துத் தருகின்றன. விலை குறையாவிட்டால் கூடுதல் படுக்கையோ காலை உணவோ கிடைக்கும். ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாத அளவுக்குச் சிறிய லாட்ஜ் என்றால், தளம் வழியாக எடுக்கும்போது வரும் வரிகூட நேரில் இல்லாமல் போகலாம்.

வேறு இடத்தில் இதைவிடக் குறைந்த விலைக்கு அறை தரக்கூடாது என்று விடுதிகளைக் கட்டிப்போடும் ஒப்பந்தங்களும் இருந்தன. மேக் மை ட்ரிப் – கோஐபிபோ நிறுவனத்துக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்து, அத்தகைய நிபந்தனைகளை மாற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கேட்டால் குறையும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் போன் எண்ணை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். பிரபல விடுதிகளின் பெயரில் போலி இணையதளங்களும், தேடலில் முதலில் வரும் போலி எண்களும் நிறைய இருக்கின்றன. யாத்திரிகர்களையும் சுற்றுலாப் பயணிகளையும் குறிவைக்கும் இந்த மோசடி பற்றி உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்றத் தடுப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரித்திருந்தது. மேப்பில் உள்ள எண்ணும், விடுதியின் பெயர்ப்பலகைப் புகைப்படத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்பணம் கேட்டால் ஒருநாள் வாடகைக்கு மேல் அனுப்ப வேண்டாம். அனுப்பும்போது திரையில் வரும் பெயர் விடுதியின் பெயராகவோ, அவர்கள் முன்கூட்டிச் சொன்ன உரிமையாளர் பெயராகவோ இருக்க வேண்டும். ‘முழுத் தொகையும் இப்போதே, பாதி விலைக்கு’ என்று அவசரப்படுத்தினால் போனை வைத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு.

தளம் வழியாகவே பதிவு செய்தாலும், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன் விடுதியை அழைத்து, பதிவு எண்ணைச் சொல்லி உறுதி செய்யுங்கள். “அந்தத் தளத்தின் பதிவை நாங்கள் எடுப்பதில்லை” என்ற பதிலை இரவு பத்து மணிக்குப் பிள்ளைகளோடு வாசலில் நின்று கேட்பதைவிட வீட்டில் இருந்து கேட்பது மேல். அப்படி வாசலிலேயே மறுத்தால், வேறு அறை தேடும் முன் அங்கிருந்தே தளத்தின் உதவி மையத்தை அழைத்து, மாற்று அறையோ முழுப் பணமோ தரக் கேளுங்கள். பேசியதை எழுத்திலும் அனுப்பி வையுங்கள். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ரத்து விதியும் இ-பாஸும்

ஒரே அறைக்கு இரண்டு விலை இருக்கும். ஒன்று, ரத்து செய்தால் பணம் திரும்பாதது. சில நூறு ரூபாய் மலிவு. மற்றொன்று, குறிப்பிட்ட நாள் வரை இலவசமாக ரத்து செய்யக்கூடியது. குழந்தைகளும் வயதானவர்களும் உள்ள வீட்டுக்கு இரண்டாவதுதான் ஏற்றது என்பது என் கருத்து. ஒரு காய்ச்சல் வந்தால் மிச்சம் பிடித்த முந்நூறோடு எட்டாயிரமும் போய்விடும். ‘விடுதியில் செலுத்தலாம்’ என்ற வசதி இருந்தால் இன்னும் நல்லது. எந்தத் தேதி, எத்தனை மணி வரை ரத்து இலவசம், பணம் வங்கிக் கணக்குக்கே வருமா, தளத்தின் வாலட்டுக்குத்தான் வருமா என்பதைப் படித்து, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள்.

ஊட்டி, கொடைக்கானலுக்கு இது இன்னும் முக்கியம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் முதல் இந்த ஊர்களுக்கு வாகனத்தில் செல்ல இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வந்தது. நாளின் எண்ணிக்கை நிரம்பிவிட்டால், பணம் திரும்பாத அறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த ஆண்டின் விதியை விசாரித்து, இ-பாஸை முதலில் எடுங்கள். அறை அதன் பிறகு. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. தேதி நம் கையில் இருந்தால் செவ்வாய், புதன் இரவுகளைத் தேர்ந்தெடுங்கள். எந்தக் கூப்பனையும்விட அதில் விலை குறையும்.

வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது?

பணம் கட்டும் பக்கத்தில் ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்று ஒன்று வரும். வட்டியில்லாத் தவணை என்று நம்மவர்கள் பலர் நினைத்துவிடுகிறார்கள். கிரெடிட் கார்டில் பொதுவாக நடப்பது இது: வங்கி வழக்கம்போல வட்டி போடுகிறது, அந்த வட்டி அளவுக்கு விற்பவர் விலையில் கழித்துக் காட்டுகிறார். கார்டு கணக்கில் வட்டி என்ற வரியே இருக்கும், அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் இருக்கும். பூஜ்ஜிய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் சொல்லியிருக்கிறது. மார்க்க ரீதியான விளக்கத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம், அடையாள அட்டை பற்றிச் சுருக்கமாக. தளப் பதிவுகளில் அறை பகல் 12 மணிக்கோ 2 மணிக்கோதான் கிடைக்கும். நாமோ விடியற்காலை பஸ்ஸில் போய் இறங்குகிறவர்கள், முன்கூட்டியே கேளுங்கள். 24 மணி நேரக் கணக்கு வைத்திருக்கும் லாட்ஜ் என்றால் இந்தத் தொல்லை இல்லை. பெரியவர்கள் எல்லாருக்கும் அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டை வேண்டும். உள்ளூர் முகவரி உள்ளவர்களுக்கு அறை தராத விடுதிகளும் உண்டு. விதிகள் பகுதியில் எழுதியிருப்பார்கள். விடுதியோடு பார் இணைந்திருக்கிறதா என்பதைத் தளத்தில் தேடிக் களைப்பதைவிடப் போனில் கேட்டுவிடலாம். அரசின் தமிழ்நாடு ஓட்டல்களிலும் சில இடங்களில் பார் உண்டு.

சிகிச்சைக்குப் போகும் குடும்பங்கள்

வேலூர் சி.எம்.சி.க்கோ சென்னை மருத்துவமனைகளுக்கோ போகிறவர்கள் சுற்றுலாக் கணக்கைப் பின்பற்ற வேண்டாம். மூன்று நாளில் முடியும் என்று போனது பத்து நாளாகும். பத்து நாள் என்றது நான்கில் முடியும். தளத்தில் பத்து நாளுக்கு மொத்தமாகப் பணம் கட்டினால் மீதி நாட்களின் பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. ரத்து செய்யக்கூடிய அறையை முதல் ஓரிரு இரவுகளுக்கு மட்டும் எடுங்கள். போய்ச் சேர்ந்த பின், மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தே விசாரியுங்கள். நோயாளிகளை நம்பியே நடக்கும் சிறிய லாட்ஜுகள் பல எந்தத் தளத்திலும் இல்லை. வார வாடகை, சமைத்துக்கொள்ள வசதி, லிஃப்ட், மேல்நாட்டுக் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டு, அறையைக் கண்ணால் பார்த்து, ஒவ்வொரு நாளாகவோ வாரமாகவோ பணம் கொடுத்து ரசீது வாங்குங்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் இடங்களில் தங்கிய செலவுக்கு அந்த ரசீதைத்தான் கேட்பார்கள்.