தட்டுவடை செட்டும் ஸ்லைடரும்

ஓட்டல் மெனுவில் ‘ஸ்லைடர்’ என்று இருந்தால் அது குட்டி பர்கர். சாப்பாட்டுக்கு முன்னால் கொறிக்கக் கொடுப்பார்கள், இரண்டு மூன்று கடியில் முடிந்துவிடும். நம் நாட்டில் இதற்கு நெருங்கிய சொந்தம் எதுன்னு கேட்டால் பலரும் மும்பை வடா பாவைச் சொல்வார்கள். என் ஓட்டு சேலம் தட்டுவடை செட்டுக்கு.

செட் என்பது இவ்வளவுதான்: ஒரு தட்டுவடை (திண்டிவனம் பக்கம் தட்டை என்போம்), அதன்மேல் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், மூடி மாதிரி இன்னொரு தட்டுவடை. சாயங்காலம் தள்ளுவண்டிப் பக்கத்தில் நின்றபடி சாப்பிடுவது. பன்னும் இல்லை, கறியும் இல்லை. அப்புறம் என்ன சொந்தம்?

குட்டி பர்கரைப் பிரபலமாக்கியது ஒயிட் காசில். 1921-ல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், விச்சிட்டா நகரில் தொடங்கிய கடை. அன்று ஒரு பர்கர் 5 சென்ட். அங்கே கறியை வெங்காயத்தின் மேல் வைத்து ஆவியிலேயே வேகவைப்பார்கள். ஆவி மேலே வருவதற்காகக் கறித்துண்டில் ஐந்து ஓட்டை பின்னாளில் வந்தது. திருப்பிப் போடும் வேலை மிச்சம். அதே ஆவியில் பன்னும் மெத்தென்று ஆகிவிடும். ஈரம்தான் அதன் ருசி.

தட்டைக்கும் மாவைத் தட்டியதும் அங்கங்கே குத்தி ஓட்டை போடுவது உண்டு. ஆனால் இங்கே ஆவியை விரட்டுவதற்கு. அது உள்ளே தங்கினால் பூரி மாதிரி உப்பிவிடும், மொறுமொறுப்பு வராது.

அளவு சின்னதாக இருப்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பன்னைக் கடித்தால் கடித்த இடத்தில் மட்டும் பியும். தட்டுவடையைப் பாதி கடித்தால் மீதி கையிலேயே நொறுங்கி, பீட்ரூட் சட்டையில் விழும். முழுசாக வாயில் போடுவதே உத்தமம்.

அதோடு, சட்னியில் உள்ள உப்பு பட்டதும் துருவல் தண்ணி விடும். சில நிமிஷத்தில் தட்டுவடை நமத்துப் போகும். அதனால் கேட்ட பிறகு அடுக்கித் தருவதுதான் முறை. பர்கர் பெட்டிக்குள் பயணம் போகும், செட் போகாது. பார்சல் வேணும்னா எல்லாத்தையும் தனித்தனியா கட்டச் சொல்லுங்க. வழியில் உடைந்தாலும் பரவாயில்லை, பொரியோடு கலந்துவிட்டால் அதற்கும் சேலத்தில் பேர் இருக்கிறது: நொறுக்கல்.