கடற்கரைச் சுற்றுலாவுக்கு எந்த மாதம்?

2019 செப்டம்பர். காலாண்டுத் தேர்வு விடுமுறையில் மாணவர்களைப் பாம்பன், மண்டபம் பக்கம் அழைத்துச் செல்லத் திட்டமிட்டிருந்தேன். ஒப்புதல் கடிதங்களை வாங்கிக்கொண்டிருந்தபோது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தயங்கியபடியே கேட்டாள்:

"சார், எங்க மாமா பாம்பன்லதான் இருக்காரு. கடல் பச்சையா கெடக்காம். மீனெல்லாம் செத்து ஒதுங்குதாம். அங்கயா சார் போறோம்?"

என்னிடம் பதில் இல்லை. பேருந்து, உணவு, அனுமதி எல்லாவற்றையும் யோசித்திருந்தேன். கடலைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. சுற்றுலாவைத் தள்ளிவைத்துவிட்டு, காரணத்தைத் தேடினேன்.

மன்னார் வளைகுடாவைப் பச்சையாக்கியது 'நோக்டிலூகா' என்னும் ஒருசெல் உயிரி. மீனவர்கள் பூங்கோரை என்பார்கள். இதன் உடலுக்குள் இன்னும் சிறிய பச்சைப் பாசிகள் குடியிருப்பதால்தான் கடலுக்கு அந்த நிறம். அதற்கு முந்தைய மாதம் சென்னைக் கடற்கரையில் இரவில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தன அல்லவா? அதுவும் நோக்டிலூகாவின் வேலைதான். அலை மோதி அசைக்கும்போது அது ஒளி விடும்.

இது ஏன் திடீரெனப் பெருகுகிறது? தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கலக்கி, அடியிலுள்ள சத்துகளை மேலே கொண்டுவருகிறது. ஆற்று நீரும் கழிவு நீரும் மேலும் சத்தைச் சேர்க்கின்றன. காற்று ஓய்ந்து, கடல் அமைதியாகி, வெயிலும் அடித்தால் நுண்பாசிகள் பெருகுகின்றன. அவற்றைத் தின்று நோக்டிலூகாவும் பெருகுகிறது. பின்பு அது மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறைகிறது, அம்மோனியா கூடுகிறது. மீன்கள் மூச்சுத் திணறி இறக்கின்றன. மன்னார் வளைகுடாவில் 2008 அக்டோபரிலும் இப்படி நடந்தது. நான் தேர்ந்தெடுத்திருந்தது சரியாக அந்தப் பருவத்தைத்தான்!

நோக்டிலூகா மனிதரைக் கொல்லும் நச்சைச் சுரப்பதில்லை. ஆனால் எல்லாப் பாசிகளும் அப்படியல்ல. அமெரிக்காவின் புளோரிடாவில் 'கரேனியா பிரெவிஸ்' பெருகும்போது, அதன் நச்சு அலைத் திவலைகளோடு காற்றில் கலந்து, கரையில் நிற்பவர்களுக்கே இருமலை வரவழைக்கும். அங்கே 2017 அக்டோபரில் தொடங்கிய பெருக்கம் 2019 தொடக்கம்வரை நீடித்தது. சில பாசிகளின் நச்சு சிப்பி, மட்டிகளில் சேர்ந்துவிடும். கொதிக்க வைத்தாலும் போகாது. எந்தப் பாசி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால், நிறம் மாறிய நீரில் பிள்ளைகளை இறக்காமல் இருப்பதே நல்லது.

அப்படியானால் எப்போது போகலாம்? தென்கடற்கரைக்குச் செப்டம்பர், அக்டோபரைத் தவிர்ப்பேன். அடுத்து வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி எனக்கு ஏற்றதாகப் படுகிறது. கோடை விடுமுறையில் போகும் குடும்பங்களுக்கும் ஒரு செய்தி உண்டு. சூடான, அசைவற்ற கோடைக் கடலில் 'ட்ரைக்கோடெஸ்மியம்' என்ற வேறொரு நுண்ணுயிர் மரத்தூள் தூவியதுபோல மிதக்கும். அதைக் கண்டால் குளியலை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மாதத்தைப் பார்த்து முடிவு செய்தால் மட்டும் போதாது. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) செயற்கைக்கோள் உதவியுடன் பாசிப் பெருக்கம் பற்றிய தகவல்களை வெளியிடுகிறது. உயர் அலை எச்சரிக்கையும் தருகிறது. கிளம்புவதற்கு முன் அதைப் பார்த்துவிட்டு, அந்த ஊர் மீனவர் ஒருவரிடமும் பேசிவிடுங்கள். கரைக்குப் போனதும் நீரின் நிறம், நாற்றம், ஒதுங்கிய மீன்கள் ஆகிய மூன்றையும் கவனியுங்கள்.

தள்ளிவைத்த சுற்றுலாவை 2020 ஜனவரியில் நடத்தினோம். அதற்கு முன் கரும்பலகையில் பன்னிரண்டு மாதங்களை எழுதி, காற்று, மழை, பாசி என்று மாணவர்களையே நிரப்பச் சொன்னேன். நாளைக் குறித்தவர்களும் அவர்கள்தான். பாம்பனில் கடல் தெளிந்து கிடந்தது. கேள்வி கேட்ட அந்த மாணவி முதல் ஆளாக ஓடிப்போய், தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இறங்கலாம் சார்!"