கூட்டுத் தொழிலா? கூடும்போதே எழுதி வைப்போம்!



நம்ம கொடைக்கானல், பழனி மலைப் பக்கம் சினிமா சூட்டிங் நடப்பது புதுசு இல்லை. படத்தில் வரும் கத்தி, கிரீடம், மண் சிலை, பழைய விளக்கு எல்லாம் யாரோ ஒருவர் கையால் செய்தவைதான். சினிமாக்காரர்கள் அவற்றை 'ப்ராப்பர்ட்டி' என்பார்கள். கைவேலை தெரிந்தவர்கள் பொழுதுபோக்காக ஆரம்பித்து, ரெண்டு மூணு பேர் சேர்ந்து ஆர்டர் பிடித்து, அதையே தொழிலாக்கிக் கொள்வதும் உண்டு.

நம் சகோதரிகள் சாக்லேட், தைலம், கம்பளிப் பின்னல், மெழுகுவர்த்தி என்று செய்வதும் இதே வழிதான். ஆரம்பிக்கும்போது "நம்ம அக்காதானே, எதுக்கு எழுதணும்?" என்கிறோம். ஒரு வருஷம் கழித்து அதே அக்காவோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போகிறது. இது ஏன் நடக்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, முன்கூட்டியே என்ன செய்ய வேண்டும் என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

லாபம் வந்தாலும் சண்டை வரும்

நஷ்டம் வந்தால்தான் கூட்டு உடையும் என்று நினைக்கிறோம். அது சரியில்லை.

1991ல் 'குணா' படம் எடுத்த பிறகு நம் மலையில் உள்ள குகைக்கு குணா குகை என்றே பேர் வந்துவிட்டது. அந்தக் குகையை வைத்து 2024ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் வந்தது. அதில் குகைக்குள் நடக்கும் காட்சிகளுக்காகக் கேரளாவில் பெரும்பாவூரில் செட் போட்டார்கள். பார்த்தவர்கள் நிஜக் குகை என்றே நம்பினார்கள். படமும் பெரிய வசூல் செய்தது.

அதன் பிறகுதான் பிரச்சினை. படத்துக்கு 7 கோடி ரூபாய் கொடுத்த ஒருவர், லாபத்தில் 40 சதவீதம் தருவதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார். 2024 ஏப்ரலில் எர்ணாகுளம் நீதிமன்றம் தயாரிப்பு நிறுவனத்தின் வங்கிக் கணக்கை முடக்கி வைக்க உத்தரவிட்டது. தயாரிப்பாளர்களோ, அவர் சொன்ன நேரத்தில் பணம் தராததால்தான் தங்களுக்கு நஷ்டம் என்றார்கள். யார் சொல்வது சரி என்பதைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. நமக்கு வேண்டிய பாடம் வேறு. பணம் எப்போது, எவ்வளவு தர வேண்டும்? தாமதமானால் என்ன? எந்தெந்தச் செலவைக் கழித்த பிறகு மிச்சத்தை 'லாபம்' என்று சொல்வோம்? கோடியோ ஆயிரமோ, இந்த மூன்று கேள்விக்கும் முதலிலேயே பதில் வேண்டும்.

அச்சு யாருடையது?

இங்கிலாந்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1976ல் 'ஸ்டார் வார்ஸ்' என்ற படத்துக்காக வெள்ளைத் தலைக்கவசங்கள் தேவைப்பட்டன. ஒருவர் படம் வரைந்தார், ஒருவர் களிமண்ணில் மாதிரி செய்தார், ஆண்ட்ரூ எய்ன்ஸ்வொர்த் என்ற பிளாஸ்டிக் தொழிலாளி அதற்கு அச்சு செய்து தலைக்கவசங்களை வார்த்துக் கொடுத்தார். இந்த உருவத்தின் உரிமை யாருக்கு என்று அப்போது யாரும் எழுதி வைக்கவில்லை.

அச்சு அவரிடமே இருந்தது. 2004ல் அதை வைத்து மறுபடி செய்து விற்க ஆரம்பித்தார். படக் கம்பெனி வழக்குப் போட்டது. அமெரிக்காவில் 2 கோடி டாலர் தர வேண்டும் என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. இங்கிலாந்திலோ, தலைக்கவசம் சிற்பம் ஆகாது, அதனால் அதற்குச் சிற்பத்துக்கான பதிப்புரிமை கிடையாது என்று 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு ஊரில் ஜெயித்தார், ஒரு ஊரில் தோற்றார். நடுவில் போனது ஏழு வருஷம்.

நம் சாக்லேட் அச்சு, தையல் மாதிரி, லேபிள் டிசைன் எல்லாம் இப்படித்தான். தொழில் நடக்கும்போது யாரும் கேட்க மாட்டார்கள். பிரியும்போது அதுதான் முதல் சண்டை.

எழுதாவிட்டால் சட்டமே எழுதிவிடும்

"நாங்க பத்திரம் எதுவும் போடலையே, அப்ப நாங்க பார்ட்னர் இல்லைதானே?" என்று கேட்கலாம். அப்படி இல்லை. இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 1932ல் வந்தது. லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று பேசிச் சேர்ந்து தொழில் செய்தாலே அது கூட்டுத் தொழில்தான். வாய்ப் பேச்சே போதும். நீங்கள் எழுதி வைக்காத விஷயங்களில் கீழ்க்கண்டவாறு சட்டமே முடிவு செய்துவிடும்.

* லாபமும் நஷ்டமும் எல்லோருக்கும் சமம். யார் எவ்வளவு முதல் போட்டார் என்று பார்க்காது.
* அதிகமாக உழைத்தவருக்குத் தனியாகச் சம்பளம் கிடையாது.
* போட்ட முதலுக்கு வட்டி கிடையாது. பேசிய முதலுக்கு மேல் கொடுத்த பணத்துக்கு மட்டும் வருஷத்துக்கு 6 சதவீதம் வட்டி உண்டு.
* தொழிலுக்காக ஒருவர் வாங்கிய கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. கடைக்காரர் முழுப் பணத்தையும் யாராவது ஒருவரிடம் மட்டும் கூடக் கேட்கலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

மூன்று பேர் சேர்ந்து சாக்லேட் தொழில் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் 30,000 ரூபாய் போடுகிறார். இரண்டாமவர் 10,000. மூன்றாமவர் பணம் போடவில்லை, ஆனால் வேலை முழுக்க அவர் கையில். எதுவும் எழுதவில்லை.

முதல் வருஷம் 36,000 ரூபாய் லாபம். ஆளுக்கு 12,000. "முக்கால்வாசி முதல் என்னுது" என்கிறார் முதலாமவர். "ராத்திரி பகலா அடுப்புல நின்னது நான்" என்கிறார் மூன்றாமவர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டுமே எழுத்தில் இல்லை.

மனஸ்தாபம் வந்து பிரிகிறார்கள். சரக்கு, சாமான் எல்லாம் விற்று, வங்கிப் பணமும் சேர்த்து 51,000 ரூபாய் இருக்கிறது. சட்டப்படி கணக்குத் தீர்க்கும் வரிசை இது:

1. முதலில் வெளிக் கடன். கடை பாக்கி 8,000 போக மிச்சம் 43,000.
2. அடுத்து, பங்குதாரர் முதலுக்கு மேல் கடனாகக் கொடுத்தது. இரண்டாமவர் கொடுத்திருந்த 6,000 போக மிச்சம் 37,000.
3. அதன் பிறகுதான் போட்ட முதல். திருப்பித் தர வேண்டியது 40,000. இருப்பதோ 37,000. ஆக 3,000 குறைகிறது.

இந்த 3,000 மூன்று பேருக்கும் சமம், ஆளுக்கு 1,000. முதலாமவருக்கு 29,000 கிடைக்கும், இரண்டாமவருக்கு 9,000. மூன்றாமவர் தன் கையிலிருந்து 1,000 ரூபாய் கொடுக்க வேண்டும்! "நான் பணமே போடலையே" என்றால் சட்டம் கேட்காது. உழைப்பை மட்டும் நம்பிச் சேரும் சகோதரிகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். நஷ்டத்தில் தன் பங்கு எவ்வளவு என்று முதலிலேயே எழுதி வாங்க வேண்டும்.

கூட்டு எங்கே உடைகிறது?

ஒருவர் பெயரில் பணம்: வாடிக்கையாளர் அனுப்பும் பணம் ஒருவரின் ஜிபே நம்பருக்கோ, அவர் மகன் கணக்குக்கோ போகிறது. வீட்டுச் செலவும் தொழில் பணமும் கலந்துவிடுகின்றன. மற்றவர்கள் ஒப்புக்கொள்ளாமல் தொழிலின் கணக்கைத் தன் சொந்தப் பெயரில் திறக்கும் அதிகாரம் எந்தப் பங்குதாரருக்கும் கிடையாது. கணக்கு நோட்டைப் பார்க்கவும், நகல் எடுக்கவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு.

தனி ஆர்டர்: ஒருவர் சத்தமில்லாமல் அதே பொருளைத் தனியாகச் செய்து விற்கிறார். கூட்டில் இருந்துகொண்டே போட்டித் தொழில் செய்தால், அந்த லாபத்தைக் கூட்டுக்குத் தர வேண்டும் என்பது சட்டம்.

சொல்லாமல் விலகுவது: "நான் அடுத்த மாசத்திலிருந்து வரலை" என்று சொல்லிவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடாது. விலகியதை முறைப்படி அறிவிக்கும் வரை, நீங்கள் இன்னும் பங்குதாரர் என்று நம்பிச் சரக்குக் கொடுத்தவருக்கு நீங்களும் பதில் சொல்ல வேண்டி வரும்.

குழுக் கடன்: குழுவில் வாங்கிய கடனை மூன்று பேர் தொழிலில் போடுகிறார்கள். தொழில் படுத்தால் தவணை நிற்கிறது. அப்புறம் அந்தச் சண்டை மொத்தக் குழுவையும் பிடித்துக்கொள்கிறது. குழு வேறு, கூட்டுத் தொழில் வேறு. யார் பெயரில் கடனோ அவர் தவணையை மாதாமாதம் தொழில் கணக்கிலிருந்து முதலில் எடுத்து வைத்துவிடுங்கள்.

என்னென்ன எழுத வேண்டும்?

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். பத்திரத்தில் இவை கட்டாயம் இருக்கட்டும்:

* யார் யார் பங்குதாரர்கள், என்ன தொழில், என்ன பெயர்.
* யார் எவ்வளவு முதல், எந்தத் தேதிக்குள்.
* வேலைக்குக் கூலி எவ்வளவு. கூலி, சரக்கு, வாடகை கழித்த பிறகே லாபம் என்பது.
* லாபப் பங்கு, நஷ்டப் பங்கு இரண்டும் தனித்தனியாக.
* வங்கிக் கணக்கு தொழில் பெயரில். இரண்டு பேர் கையெழுத்து இருந்தால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாடு.
* எவ்வளவு ரூபாய்க்கு மேல் கடன் வாங்க எல்லோர் சம்மதமும் வேண்டும்.
* அச்சு, மிஷின், டிசைன், லேபிள் பெயர், போன் நம்பர் யாருக்குச் சொந்தம். பிரிந்தால் யாருக்குப் போகும்.
* விலக நினைப்பவர் எத்தனை மாதம் முன்பு எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருவர் இறந்தால் தொழில் தொடருமா. எழுதாவிட்டால், ஒருவர் இறந்ததோடு கூட்டும் முடிந்துவிடும்.

பத்திரத்தை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது நல்லது. பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் பதிவாகாத கூட்டின் பெயரில், பாக்கி தராத வெளியாள் மீது வழக்குப் போட முடியாது. ஒப்பந்தப்படி நடக்கச் சொல்லிப் பங்குதாரர் மீதும் வழக்குப் போட முடியாது. கூட்டைக் கலைத்துக் கணக்குத் தீர்க்கச் சொல்லி மட்டும் கேட்கலாம்.

ஏற்கனவே சிக்கல் வந்துவிட்டதா?

முதலில் சரக்கு, சாமான், பாக்கி, கடன் எல்லாவற்றையும் ஒரே நாளில் எல்லோரும் சேர்ந்து எண்ணி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். காலவரை எதுவும் பேசாத கூட்டு என்றால், மற்ற எல்லோருக்கும் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்துக் கலைக்கலாம். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கூட்டு கலைந்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் கணக்குக் கேட்டு வழக்குப் போட வேண்டும். தள்ளிப் போடாதீர்கள்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1987ம் வருஷத்துச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவை நேரில் அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இரண்டு பக்கமும் சம்மதித்தால் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம். அங்கே கோர்ட் கட்டணம் கிடையாது, முடிவுக்கு மேல் அப்பீலும் கிடையாது.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

எழுதச் சொல்வது சந்தேகப்படுவது ஆகாது. நம் குழுவிலேயே பத்து ரூபாய் சேமிப்பைக்கூட பாஸ் புத்தகத்தில் எழுதித்தானே வாங்குகிறோம்? அதனால்தான் குழு நிற்கிறது. இந்தக் கட்டுரையை அடுத்த கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசியுங்கள். பிறகு இந்த மூன்று கேள்விகளையும் பேசுங்கள்:

1. நம் குழுவில் யார் யார் சேர்ந்து தொழில் செய்கிறார்கள்? எழுத்தில் இருக்கிறதா?
2. வரும் பணம் யார் கணக்குக்குப் போகிறது?
3. நாளைக்கே ஒருவர் விலகினால், அவருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்று இன்றைக்குச் சொல்ல முடியுமா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால், அடுத்த ஆர்டர் பிடிப்பதற்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து கணக்கை எழுதி முடியுங்கள்.