வந்த வழி கேட்கும் ஆட்டம்

போட்டிக்குக் கொண்டுசெல்லப்படும் ஒரு போக்கிமான், திரையில் சிறகு விரித்தும் நெருப்பு உமிழ்ந்தும் தோன்றினாலும், விளையாட்டுக் கருவியின் நினைவகத்தில் 350 பைட்டுக்கும் குறைவான நீளமுள்ள ஒரு பதிவேடாகவே இருக்கிறது. அது எந்த இனம், எங்கே எந்த நாளில் எவ்வகைப் பந்தில் பிடிபட்டது, பிடித்தவர் யார், பிறக்கும்போது அதற்கு வாய்த்த வலு எவ்வளவு, பின்னர் ஊட்டப்பட்ட பயிற்சி எவ்வளவு என்பன எல்லாம் அப்பதிவேட்டில் எண்களாக அடங்கியுள்ளன. எண்ணாக இருப்பதை வெளியிலிருந்து வேறொரு நிரலைக் கொண்டு எழுதிவிடவும் முடியும் என்பதால், பெரிய போட்டிகளின் நடுவர்கள் ஒரு போக்கிமானின் வலிமையை மட்டுமன்றி அது வந்த வழியையும் கேட்கிறார்கள். முறையான அணி என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இந்தக் கேள்விக்குக் குறையின்றி விடை சொல்லக்கூடிய அணியைத்தான்.

சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் பெருவிருப்பம் கொண்டிருந்த சடோஷி தஜிரி, தம் கேம் ஃபிரீக் நிறுவனத்தின் வழியே உருவாக்கி, 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளிவந்த இரண்டு விளையாட்டுகளில் இவ்வுலகம் தொடங்கியது. இன்று அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கற்பனை உயிரினங்கள் இருக்கின்றன. நெருப்பு, நீர், புல் என 18 வகைகளாக அவை பிரிக்கப்பட்டு, ஒரு வகை மற்றொன்றை வெல்வதும் வேறொன்றிடம் தோற்பதுமாகப் பின்னிக் கிடக்கின்றன. வி.ஜி.சி. என்று சுருக்கமாக வழங்கும் அதிகாரமுறைப் போட்டி இரட்டையர் ஆட்டமாகும்: ஒவ்வொருவரும் ஆறு போக்கிமான்களைப் பதிவுசெய்து, எதிரணியைப் பார்த்தபின் அவற்றுள் நான்கைத் தேர்ந்து, ஒரே நேரத்தில் இரண்டு இரண்டாகக் களமிறக்குவர். ஓர் இனம் இருமுறை வரக்கூடாது. ஏந்துபொருள், அதாவது போக்கிமான் கையில் பிடித்திருக்கும் பழமோ கருவியோ, இரண்டு போக்கிமான்களிடம் ஒரே பொருளாக இருக்கக்கூடாது. எல்லாமே 50ஆம் நிலைக்குச் சமப்படுத்தப்படும். இந்திய அரசு 2022 டிசம்பரில் மின்விளையாட்டைப் பலதுறை விளையாட்டுப் போட்டிகளின் ஓர் உறுப்பாக ஏற்று, அதை விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் வைத்தபின், இத்துறையைப் பற்றிக் கேட்கும் பெற்றோரும் பெருகியுள்ளனர். அவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும்: ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் பட்டியலில் இடம்பெற்ற போக்கிமான் யுனைட் வேறு ஆட்டம், அதில் உயிரினத்தை வளர்த்துக் கொண்டுவரும் வேலை இல்லை.

வளர்க்கும் வேலைதான் இங்கே பெரும்பங்கு. ஓர் ஆட்டம் அதிகமாகப் போனால் 20 நிமிடம். அதற்கான ஆயத்தமோ பல வாரங்களை விழுங்கும். பழுப்பு நிலக்கரிப் படுகையைத் தொடுவதற்கு முன் அதன்மேல் கிடக்கும் பல பத்து மீட்டர் மண்ணை வாளிச்சக்கர எந்திரங்கள் வாரி அகற்றவேண்டும், கீழிருந்து அழுத்தும் ஊற்றுநீரை ஓயாமல் இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பதைக் கண்முன் பார்த்து வளர்ந்த நெய்வேலி நகரியத்து மாணவருக்கு இந்த விகிதம் வியப்பளிக்காது.

ஒரு போக்கிமானின் உடல்வலு ஆறு அளவைகளால் குறிக்கப்படுகிறது: உயிர்ப்புள்ளி, தாக்குதல், தற்காப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம். ஒவ்வோர் அளவையும் நான்கு அடுக்குகளின் கூட்டு. முதல் அடுக்கு இனத்துக்கு உரிய அடிப்படை மதிப்பு. அது அவ்வினம் முழுவதற்கும் ஒன்றே. இரண்டாவது, ஆட்டக்காரர்கள் ‘ஐவி’ என்று சொல்லும் பிறவி மதிப்பு. ஒவ்வோர் அளவைக்கும் 0 முதல் 31 வரை பிறக்கும்போதே குலுக்கலில் விழும் எண் இது. மூன்றாவது இயல்பு, மொத்தமுள்ள 25 இயல்புகளில் ஐந்து நீங்கலாக மற்றவை ஓர் அளவையைப் பத்து விழுக்காடு உயர்த்தி இன்னொன்றைப் பத்து விழுக்காடு தாழ்த்தும். நான்காவது, ‘ஈவி’ எனப்படும் பயிற்சிப் புள்ளி. ஓர் அளவைக்கு உச்சம் 252, ஆறுக்கும் சேர்த்து 510 என்ற வரம்புக்குள் வளர்ப்பவர் விரும்பியபடி பங்கிடலாம்.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று கேட்பவருக்குக் கார்சோம்ப் என்னும் டிராகன் வகைப் போக்கிமானின் வேகக் கணக்கு ஒன்றே போதும். அதன் அடிப்படை வேகம் 102. அதை இரட்டித்து, பிறவி மதிப்பு 31ஐயும், 252 பயிற்சிப் புள்ளிகளில் கால்பங்கான 63ஐயும் கூட்டினால் 298 வரும். 50ஆம் நிலையில் அதில் பாதி 149. ஐந்தைக் கூட்டி, வேகத்தை உயர்த்தும் இயல்பால் பெருக்கிப் பின்னத்தை விட்டால் 169. பிறவி மதிப்பு 31க்குப் பதில் 30 ஆக இருந்தால் விடை 168. ஒரு புள்ளிதான் குறைகிறது. ஆயினும் எதிரில் 169 வேகத்தோடு மற்றொரு கார்சோம்ப் நின்றால் அதுவே முந்தித் தாக்கும், பிந்தியது தன் முறை வருமுன்னரே வீழ்ந்துவிடக்கூடும்.

ஆறு பிறவி மதிப்புகளும் 31 ஆக அமையும் வாய்ப்பு, வெறும் குலுக்கலை நம்பினால், 1,07,37,41,824இல் ஒன்று. ஆகவே வளர்ப்பவர்கள் முட்டைமுறையைக் கையாள்கிறார்கள். தாய், தந்தை இருவரிடமும் உள்ள பன்னிரண்டு மதிப்புகளிலிருந்து சில குஞ்சுக்கு இறங்கும். பெற்றோரில் ஒன்று ‘டெஸ்டினி நாட்’ என்னும் முடிச்சை ஏந்தியிருந்தால் ஐந்து இறங்கும். ‘எவர்ஸ்டோன்’ என்னும் கல்லை ஏந்திய பெற்றோரின் இயல்பு அப்படியே குஞ்சுக்குப் போகும். தலைமுறைதோறும் நல்ல குஞ்சைப் பெற்றோராக்கிக்கொண்டே போனால் கோடியில் ஒன்று என்பது சில பத்து முட்டைகளில் ஒன்று என்றாகிவிடுகிறது. நல்ல விதையைப் பொறுக்கி அடுத்த பருவத்துக்கு எடுத்துவைக்கும் உழவரின் அறிவு இதில் அப்படியே இருக்கிறது. கடலூர் மாவட்டத்து முந்திரித் தோப்புக்காரருக்கு விளக்கினால் அவர் உடனே புரிந்துகொள்வார்.

பயிற்சிப் புள்ளிகளை ஊட்ட, குறிப்பிட்ட எதிரிகளைத் திரும்பத் திரும்ப வெல்லலாம். ஒரு புள்ளி மட்டுமே தரும் எதிரியைக்கூட, கூடுதலாக எட்டுப் புள்ளி சேர்க்கும் கருவியை ஏந்திக்கொண்டு வென்றால், 28 வெற்றிகளில் 252 நிறையும். பொறுமை இல்லாதவர் விளையாட்டுக்குள்ளேயே விற்கும் சத்துமருந்தை வாங்கலாம். ஒரு புட்டிக்குப் பத்துப் புள்ளி, ஓர் அளவைக்கு 26 புட்டி. ஸ்கார்லெட், வயலெட் விளையாட்டுகளில் ஒரு புட்டியின் விலை விளையாட்டுப் பணத்தில் 10,000 என்பதால், ஒரே ஒரு போக்கிமானை முழுமையாக ஆயத்தம் செய்ய ஐந்து லட்சத்துக்கு மேல் சேர்க்கவேண்டியிருக்கும்.

பிறவியில் குறையுள்ளதைத் திருத்தவும் இப்போது வழியுண்டு. வெள்ளி மூடி, தங்க மூடி எனப்படும் அரிய பொருள்களைக் கொடுத்து உயர்பயிற்சி அளித்தால் குறைந்த பிறவி மதிப்பு 31 ஆகக் கணக்கிடப்படும். புதினா இலையை ஊட்டினால் இயல்பின் பயன் மாறும். இங்கே கவனிக்கத்தக்க ஒரு நயம் உண்டு: இவ்விரண்டும் பழைய எண்ணை அழிப்பதில்லை. பதிவேட்டில் பிறவி மதிப்பு பிறந்தபடியே இருக்க, திருத்தம் தனிக் குறிப்பாகப் பக்கத்தில் எழுதப்படுகிறது. அதனால்தான் உயர்பயிற்சி பெற்றது முட்டையிட்டால் குஞ்சுக்குப் பழைய எண்ணே இறங்குகிறது. திருத்தத்தையும் வரலாற்றின் பகுதியாக எழுதிவைக்கும் இந்த ஒழுங்கே முறையான வளர்ப்புக்கும் எண்ணை நேரடியாக அழித்தெழுதுவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது.

உயர்பயிற்சி மதிப்பை ஏற்றத்தான் செய்யும், இறக்காது என்பதில் ஒரு சிக்கல் நெடுங்காலம் இருந்துவந்தது. ‘டிரிக் ரூம்’ என்னும் செயல் ஐந்து சுற்றுகளுக்கு வேக வரிசையைத் தலைகீழாக்கி, மெதுவானது முந்தித் தாக்கும்படி செய்வதால், அதை நம்பி அமைக்கும் அணிக்கு வேகத்தின் பிறவி மதிப்பு 0 ஆக உள்ள போக்கிமான் வேண்டும். முட்டையிடும் இனமானால் 0ஐயே பெற்றோர் வழி இறக்கிவிடலாம். விளையாட்டு முழுவதிலும் ஒருமுறை மட்டுமே பிடிபடக்கூடியதும் முட்டையிடாததுமான கேலிரெக்ஸ் போன்ற பெருந்தெய்வ வகைகளுக்கு அந்த வழியில்லை. அவற்றுக்கு ஏதேனும் மூன்று அளவைகள் 31 என உறுதியாக அமைந்துவிடும். வேகம் அந்த மூன்றில் சேராமல், அத்துடன் 0 ஆகவும் விழவேண்டுமானால் 64இல் ஒரு வாய்ப்பே உண்டு. ஆகவே ஆட்டக்காரர் பிடிப்பதற்கு முன் சேமித்து, பிடித்து, பார்த்து, சரியில்லையெனில் கருவியை மூடித் திறந்து மீண்டும் பிடிக்கிறார். இந்தச் சலிப்பிலிருந்துதான் ஏமாற்றுக்கான ஆசை பெரும்பாலும் முளைக்கிறது.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்தறியவேண்டும். ஒரு பதிவேட்டிலுள்ள எண்கள் யாவும் விளையாட்டு தானே உண்டாக்கியிருக்கக் கூடியவையாக இருந்தால் அது விதிக்குப் பொருந்தியது. உண்மையிலேயே விளையாடிப் பெறப்பட்டிருந்தால்தான் அது முறையானது. முதலாவதை நிரலால் சோதிக்கலாம். பழைய விளையாட்டுகளில் குலுக்கல் என்பது, இருக்கும் எண்ணை 1103515245ஆல் பெருக்கி 24691ஐக் கூட்டிக் கடைசி 32 பிட்டுகளை மட்டும் வைத்துக்கொள்ளும் ஒரு சூத்திரமே. அதில் வந்த எண்களால் ஆன ஆளுமை எண்ணை 25ஆல் வகுத்தால் எஞ்சும் மீதியே இயல்பு, அடுத்து வந்த எண்களே பிறவி மதிப்புகள். கள்ளமாக எழுதுபவர் இயல்பையும் பிறவி மதிப்பையும் தம் விருப்பப்படி தனித்தனியே நிரப்பினால் அவற்றைக் கோக்கும் இந்தச் சங்கிலி அறுந்துபோகும். சுரங்கத்துக் கடத்துபட்டைகள் சந்திக்கும் இடத்தில் மண் ஒரு பக்கமும் நிலக்கரி ஒரு பக்கமுமாகப் பிரித்துவிடப்படுவதுபோல, சரிபார்க்கும் நிரல் பொருந்துவதையும் பொருந்தாததையும் இந்தச் சங்கிலியைப் பார்த்தே பிரிக்கிறது.

சில பிழைகளுக்குச் சூத்திரமும் வேண்டியதில்லை. எக்ஸ், ஒய் விளையாட்டுகள் 2013 அக்டோபரில் வெளிவந்த பின், முன்னணி ஆட்டக்காரர் ஒருவரின் அணியிலிருந்த ஈஜிஸ்லாஷ், ‘டிரீம் பால்’ என்னும் பந்திலிருந்து வெளிவந்தது. அந்தப் பந்து அப்போது முந்தைய தலைமுறை விளையாட்டுக்கு மட்டும் உரியதாக இருந்தது. ஈஜிஸ்லாஷ் இனமோ புதிய தலைமுறையில்தான் பிறந்தது. அன்றைய சோதனை அதைப் பிடிக்கத் தவறியபோதும், பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண்ணுக்கு அது தப்பவில்லை.

பிற விளையாட்டுகளிலிருந்து வரும் போக்கிமான்கள் இப்போது ‘போக்கிமான் ஹோம்’ என்னும் பொதுக் கிடங்கைக் கடந்தே வரவேண்டும். கடக்கும்போது ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் பதியப்படுகிறது. 2023 மே மாத இறுதியில் ஸ்கார்லெட், வயலெட் விளையாட்டுகள் இக்கிடங்குடன் இணைக்கப்பட்டன; உர்ஷிஃபு போன்ற பழைய விளையாட்டின் வலிய இனங்கள் அந்தக் கோடையில் போட்டிக்குள் வந்தன; ஆகஸ்ட் 11 முதல் 13 வரை யோகோஹாமாவில் உலகப் போட்டி நடந்தது. அங்கே சோதனை முன்னெப்போதையும்விடக் கடுமையாக இருந்ததால், பல நாடுகளிலிருந்து வந்த ஆட்டக்காரர்கள் சிலர் தகுதியிழந்தனர். தாம் எழுதவில்லை, பிறரிடமிருந்து மாற்றாகப் பெற்றோம் என்ற விளக்கம் விதியின்முன் நிற்பதில்லை. அணியிலுள்ள ஒவ்வொன்றுக்கும் அதைக் கொண்டுவந்தவரே பொறுப்பு.

கள்ள எண்ணால் வலிமை கூடிவிடுவதில்லை, நேரம்தானே மிச்சமாகிறது, அது குற்றமா என்ற வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. நிண்டெண்டோ கருவிகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவிக்கப்பட்டே கிடைக்கும் இந்தியாவில், ஒரு கருவியோடு இரண்டு மூன்று விளையாட்டுகளையும் அவற்றின் கூடுதல் பகுதிகளையும் வாங்குவது நடுத்தரக் குடும்பத்துக்குச் சுமையே. ஆயினும் விதியைத் தளர்த்துவது இதற்குத் தீர்வாகாது. வளர்ப்பை எளிதாக்குவதே தீர்வு. மூடியும் புதினாவும் விலைக்கு வாங்கும் மருந்தும் அந்தத் திசையில் வைக்கப்பட்ட அடிகளே. போரிடுவதற்கென்றே தனியாக ‘போக்கிமான் சாம்பியன்ஸ்’ என்னும் விளையாட்டை 2025 பிப்ரவரியில் அறிவித்ததும் அவ்வழியில் வந்ததே.

விலையுயர்ந்த இனம்தான் வெல்லும் என்பதும் இல்லை. 2014இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் செஜுன் பார்க், எவரும் பொருட்படுத்தாத பச்சிரிசு என்னும் மின்னணிலைக் கொண்டு பட்டம் வென்றார். எதிரியின் தாக்குதல்களைத் தன்மேல் இழுத்துக்கொண்டு துணையைக் காப்பதே அதன் வேலை; மின் தாக்குதல் பட்டால் உயிர்ப்புள்ளி கூடும் அதன் திறனும், தாங்கும்படி பங்கிடப்பட்ட பயிற்சிப் புள்ளிகளும், பக்கத்தில் நின்ற கியாரடோஸுக்கு அஞ்சவேண்டிய வகை மின்சாரம் என்பதை அறிந்த தேர்வும் ஒன்றுசேர்ந்தபோது அந்த அணில் அசைக்கமுடியாததாயிற்று.

ஆகவே நெய்வேலியின் ஏதோ ஒரு வட்டத்து வீட்டில் அமர்ந்து அணி அமைக்க விரும்பும் மாணவர், முதலில் உலாவியிலேயே இயங்கும் ‘போக்கிமான் ஷோடவுன்’ என்னும் இலவச ஒப்புருவாக்கத்தில் தம் எண்ணங்களைச் சோதித்துக்கொள்ளலாம். அங்கே வளர்ப்பு வேலையே இல்லை, எண்களை நிரப்பி உடனே ஆடலாம், அது எவரையும் ஏமாற்றுவதும் அன்று. அணி உறுதிப்பட்ட பின்னரே கருவியில் வளர்க்கத் தொடங்கினால் வீண் உழைப்பு குறையும். மாற்றாகப் பெறுவதைக் கூடியவரை தவிர்க்கவேண்டும். பெற்றே ஆகவேண்டுமானால், கொடுப்பவர் அறிந்தவராகவும், பிடித்த இடம், பந்து, நாள் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்துபவையாகவும் இருக்கவேண்டும். ஆறும் 31 ஆகவும், அரிய நிறத்தோடும், கேட்டவுடன் கிடைப்பதாகவும் இருக்கும் ஒன்றை ஐயுறுவதே நல்லது.

போட்டி நாளில் அணிப் பட்டியல் எதிராளியிடமும் கொடுக்கப்படும். இனம், திறன், ஏந்துபொருள், நான்கு செயல்கள் ஆகியவற்றை அவர் அதில் காண்பார்; இயல்பையும் பயிற்சிப் பங்கீட்டையும் காணமாட்டார், அவற்றை ஆட்டத்தின் போக்கில் ஊகிக்கவேண்டும். நடுவரோ முழுப் பதிவேட்டையும் பார்க்கிறார். முட்டை கைக்கு வந்த நாளும், அது பொரிந்த நாளும், வளர்த்தவரின் பெயரும், அவருடைய ஆறிலக்க அடையாள எண்ணும் அங்கே அவர் கண்முன் இருக்கும்.