சும்மா இருக்கத் தெரிந்த கருவி

தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் சர்வர்களைக் கவனித்துக்கொள்ளும் வாசகர் எழுதியிருக்கிறார்: "எங்களிடம் இருப்பதே பன்னிரண்டு லினக்ஸ் சர்வர்தான். புதிதாக எதையாவது போட வேண்டுமென்றால் ஒவ்வொன்றாக லாகின் செய்து நானே போட்டுவிடுகிறேன். ஆன்சிபிள் கற்றுக்கொள் என்று நண்பர்கள் நச்சரிக்கிறார்கள். இந்தப் பன்னிரண்டுக்கு அதெல்லாம் தேவைதானா?"

தேவைதான். பன்னிரண்டு எதற்கு, எட்டே போதும் ஒரு நிறுவனம் கவிழ. நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனம், 2012 ஆகஸ்ட் 1 அன்று சந்தையில் தொடங்கவிருந்த புதிய திட்டத்துக்காகத் தன் எட்டு சர்வர்களில் புதிய புரோகிராமை ஏற்றியது. ஏற்றியவர் ஏழில் ஏற்றினார், ஒன்றை விட்டுவிட்டார். சரிபார்க்க இரண்டாவது ஆள் கிடையாது. இன்ன மாதிரிதான் செய்ய வேண்டும் என்று எழுதிவைத்த நடைமுறையும் கிடையாது. விடுபட்ட சர்வரில், 2003க்குப் பிறகு யாரும் பயன்படுத்தாத பழைய புரோகிராம் அப்படியே கிடந்தது. புதியதை இயக்குவதற்கான சுவிட்ச், ஒரு காலத்தில் அந்தப் பழையதை இயக்கிய அதே சுவிட்ச். சந்தை திறந்ததும் அந்தப் பழையது எழுந்துகொண்டது. 212 ஆர்டர்களுக்கு நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள். 45 நிமிடத்தில் நஷ்டம் 46 கோடி டாலரைத் தாண்டியது. இதற்கு நடுவே பதற்றத்தில், புதிய புரோகிராம்தான் கோளாறு என்று நினைத்து, சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். பழையது ஏழிலும் எழுந்துகொண்டது. மறு ஆண்டே அந்த நிறுவனம் கெட்கோ என்ற இன்னொரு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது.

அதே 2012இல், பிப்ரவரியில், பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து ஒரே மாதிரி அமைக்கும் கருவியான ஆன்சிபிளின் முதல் பதிப்பை மைக்கேல் டிஹான் வெளியிட்டிருந்தார். 2015இல் ரெட் ஹேட் அதை வாங்கியது. இந்த வகைக் கருவிகளுக்குப் பிள்ளையார் சுழி போட்டது 1993இல் மார்க் பர்ஜெஸ் எழுதிய சிஎஃப்என்ஜின். பிறகு பப்பெட், ஷெஃப் வந்தன. அவற்றுக்கு வழக்கமாக ஒவ்வொரு சர்வரிலும் ஓர் ஏஜென்ட் புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆன்சிபிளுக்கு அது வேண்டாம். எஸ்எஸ்எச் இணைப்பும், போகிற இடத்தில் பைதானும் இருந்தால் போதும். சின்ன பைதான் துண்டு ஒன்றை அனுப்பி, அங்கே ஓட்டி, விடையை வாங்கிக்கொண்டு, அனுப்பியதை அழித்துவிடும். எந்தெந்த சர்வர் என்ற பட்டியலுக்கு இன்வென்டரி என்று பெயர். அவை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதும் யாமல் கோப்பு, பிளேபுக்.

'எப்படி இருக்க வேண்டும்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 'மோட்டாரைப் போடு' என்பது கட்டளை. அம்மா ஒரு தரம், அக்கா ஒரு தரம் சொல்லி, இரண்டு பேர் பேச்சையும் தட்டாமல் கேட்டால் சுவரெல்லாம் தண்ணீர் வழியும். 'தொட்டி நிறைந்திருக்கணும்' என்பது நிலை. பத்துப் பேர் சொன்னாலும், மேலே ஏறிப் பார்த்து, நிறைந்திருந்தால் பேசாமல் இறங்கி வந்துவிடலாம்.

ஷெல் ஸ்கிரிப்ட் முதல் ரகம். ஒரு கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி ஸ்கிரிப்ட் எழுதி மூன்று தடவை ஓட்டினால், அந்த வரி மூன்று தடவை இருக்கும். ஆன்சிபிளில் இதற்கு லைன்இன்ஃபைல் என்ற மாட்யூல். 'இந்தக் கோப்பில் இந்த வரி இருக்க வேண்டும்' என்று எழுதுகிறோம். அது திறந்து பார்க்கும். இல்லையென்றால் சேர்த்துவிட்டு 'சேஞ்ச்ட்' என்று மஞ்சளில் சொல்லும். இருந்தால் எதையும் தொடாமல் 'ஓகே' என்று பச்சையில் சொல்லும். ஓட்டம் முடிந்ததும் சர்வருக்கு ஒரு வரியாகக் கணக்கு வரும். அதே பிளேபுக்கை உடனே மறுபடி ஓட்டினால் எல்லா வரியிலும் 'சேஞ்ச்ட்=0' வர வேண்டும். பாதியில் கரண்ட் போனாலும், எங்கே விட்டோம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். முதலிலிருந்து ஓட்டினால் போதும், முடிந்த வேலைகளை அது தொடாது.

இந்த நல்ல குணத்திலேயே ஒரு விசித்திரம் ஒளிந்திருக்கிறது. வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் கான்ஃபிக் கோப்பை மாற்றினால் என்ஜின்எக்ஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், மாறாவிட்டால் வேண்டாம். இதற்கு ஹேண்ட்லர் இருக்கிறது. கோப்பு மாறினால் மட்டும் அதற்குத் தகவல் போகும், மற்ற வேலைகள் முடிந்தபின் கடைசியில் அது ஓடும். இப்போது பாருங்கள். கோப்பு மாறிவிட்டது, ஹேண்ட்லர் காத்திருக்கிறது, நடுவில் வேறொரு வேலை தோற்கிறது. அந்த சர்வரில் ஓட்டம் அங்கேயே நிற்கும், ஹேண்ட்லர் ஓடாது. தோற்றதைச் சரிசெய்து மறுபடி ஓட்டுகிறீர்கள். கோப்பு ஏற்கெனவே மாறியிருக்கிறது, அதனால் 'ஓகே'. ஓகே என்றால் ஹேண்ட்லருக்குத் தகவல் போகாது. திரை முழுக்கப் பச்சை, என்ஜின்எக்ஸ் மட்டும் நினைவில் இருக்கும் பழைய கான்ஃபிக்கோடு ஓடிக்கொண்டிருக்கும். தோல்வி வந்தாலும் ஹேண்ட்லரை ஓட்டச் சொல்லும் ஃபோர்ஸ்-ஹேண்ட்லர்ஸ் என்ற ஏற்பாடு இதற்காகத்தான். கோப்பு சரியாக இருப்பது வேறு, சர்வீஸ் சரியாக ஓடுவது வேறு. கருவி நீங்கள் கேட்டதை மட்டும்தான் பார்த்தது.

நைட் கேப்பிட்டலிடம் இப்படி ஒரு கருவி இருந்திருந்தால் எட்டாவது சர்வர் விடுபட்டிருக்காது என்று சொல்லலாம், அது பட்டியலில் இருந்திருந்தால். ஆனால் ஏழிலிருந்தும் புரோகிராமை எடுத்த தவறான முடிவை இதுவும் தடுத்திருக்காது, இன்னும் வேகமாகச் செய்துகொடுத்திருக்கும். சாதாரணமாக ஒரே சமயத்தில் ஐந்து சர்வர்களில் வேலை செய்வது ஆன்சிபிளின் வழக்கம். 'சீரியல்: 1' என்று எழுதினால் ஒன்றை முழுதாக முடித்த பிறகே அடுத்ததற்குப் போகும். முதலாவதிலேயே தோற்றால் மற்றவற்றைத் தொடாது. இந்த ஒரு வரியை எழுதச் சோம்பல்படுபவர்கள் நிறைய.

சோம்பல் இன்னும் பல வேஷத்தில் வரும். பழைய ஸ்கிரிப்டை வரிக்கு வரி ஷெல் மாட்யூலில் திணித்து 'ஆன்சிபிளுக்கு மாறிவிட்டோம்' என்பார்கள். ஷெல் மாட்யூல் எதையும் பார்க்காது, சொன்னதை ஒவ்வொரு முறையும் செய்யும், 'சேஞ்ச்ட்' என்றும் சொல்லும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை பிளேபுக்கிலேயே எழுதி, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் (Git) போட்டுவைப்பார்கள். பூட்டிவைக்க ஆன்சிபிள் வால்ட் கூடவே வருகிறது, யாரும் திறந்தே பார்ப்பதில்லை. எல்லாவற்றிலும் மோசம், அவசரத்துக்கு ஒரு சர்வரில் நேரடியாகப் போய்க் கைவைப்பது. அந்தத் திருத்தம் பிளேபுக்கில் ஏறாது. அடுத்த ஓட்டத்தில் கருவி அதை அழித்தால் 'ஆன்சிபிள் கெடுத்துவிட்டது' என்று பழி வேறு.

வாசகருக்கு: உங்கள் லினக்ஸ் லேப்டாப்பிலேயே ஆன்சிபிளைப் போடுங்கள், சர்வர்களில் எதுவும் வேண்டாம். பன்னிரண்டு பெயரையும் இன்வென்டரியில் எழுதி முதலில் பிங் மாட்யூலை ஓட்டுங்கள். உள்ளே போய் பைதானை ஓட்ட முடிந்தால் ஒவ்வொன்றும் 'பாங்' என்று பதில் சொல்லும். முதல் பிளேபுக்காக எல்லா சர்வரின் கடிகாரத்தையும் ஒன்றாக வைக்கும் க்ரோனியைப் போடுங்கள். ஓட்டுவதற்கு முன் செக் மோடில் பாருங்கள், என்ன மாறும் என்று மட்டும் சொல்லும். ஓட்டியபின் மறுபடி ஓட்டுங்கள். 'சேஞ்ச்ட்' கணக்கு பூஜ்யமாக வரவில்லையென்றால் திருத்தி எழுதுங்கள். பிறகு கோப்பை கிட்டில் வையுங்கள், ஒவ்வொரு வேலைக்கும் அது எதற்கு என்று ஒரு வரி பெயரும் கொடுங்கள். இப்போது அந்தப் பன்னிரண்டு சர்வரும் எப்படி இருக்கின்றன என்பது உங்கள் ஒருவர் தலைக்குள்தான் இருக்கிறது. நாளை அந்த நாற்காலிக்கு வருகிறவருக்கு அது எழுத்தில் கிடைக்க வேண்டும்.