நெடுந்தூரப் பயணமும் நாம் தேர்ந்தெடுக்கும் வண்டியும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் மொழி. ஆற்றில் போடுவதற்கே அளவு வேண்டுமென்றால், நாள்தோறும் சாலையில் செலவிடும் பணத்துக்கும் நேரத்துக்கும் எவ்வளவு அளவு வேண்டும்! திருவண்ணாமலை நகரில் படிக்கும் நம்மில் பலர் நகரவாசிகள் அல்லர். செங்கம், தண்டராம்பட்டு, போளூர், கீழ்பென்னாத்தூர் என நாற்றிசையிலிருந்தும் விடியலில் புறப்பட்டு வருகிறோம். ‘ஒரு வண்டி வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது’ என்ற பேச்சு நம் வகுப்பறைகளில் அடிக்கடி கேட்கிறது. எந்த வண்டி, எதற்காக என்ற இரு வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த வினா எனக்குப் பொழுதுபோக்காக எழுந்ததன்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஊரிலிருந்து கல்லூரி 35 கி.மீ. சென்ற மழைக்காலத்தில், செய்முறை வகுப்பு முடிந்து மாலைப் பேருந்தைத் தவறவிட்ட நாட்களில் வீடு சேர இரவு எட்டரை மணி ஆயிற்று. ‘பெண் பிள்ளை இருட்டில் வருகிறது, படித்தது போதும்’ என்று உறவினர் சிலர் அப்பாவிடம் சொல்லத் தொடங்கினர். விவசாயக் கூலியான அப்பாவுக்கு என் படிப்பை நிறுத்த மனமில்லை. ஏலச்சீட்டில் எடுத்த 25,000 ரூபாயை முன்பணமாகக் கட்டி, மீதிக்குக் கடன் வாங்கி ஒரு ஸ்கூட்டர் வாங்கித் தர முன்வந்தார். “நீதான் படிச்ச பிள்ளை. கணக்குப் போட்டு எது நல்லதுன்னு சொல்லும்மா” என்றார். நான் போட்ட கணக்கை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

விலை வேறு, செலவு வேறு

வண்டி வாங்கச் செல்வோர் முதலில் கேட்பது விலை. அடுத்துக் கேட்பது ‘லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?’ என்பது. இவ்விரண்டும் போதா. மூன்றாண்டுக்கான முழுச் செலவைக் கூட்டி, ஓடும் தூரத்தால் வகுத்து, ஒரு கிலோமீட்டருக்கு என்ன ஆகிறது என்று காண வேண்டும்.

சாலைக்கு வரும்போது 95,000 ரூபாய் ஆகும் ஸ்கூட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 25,000 முன்பணம் போக, கடன் 70,000. நூற்றுக்குப் பத்து வட்டி, மூன்றாண்டுத் தவணை என்கிறார்கள். வட்டி மட்டும் 21,000. மாதத் தவணை ஏறத்தாழ 2,530 ரூபாய். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இது ‘ஃபிளாட்’ வட்டி எனப்படும். மாதந்தோறும் நாம் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வந்தாலும், கடைசி மாதம் வரை முழு 70,000 ரூபாய்க்கும் வட்டி போடப்படுகிறது. நிலுவையில் உள்ள தொகைக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால், இதே தவணை ஏறத்தாழ 18 விழுக்காட்டு வட்டிக்குச் சமம். ஆகவே கடன் வாங்குமுன் ‘ஃபிளாட் வட்டியா, குறையும் நிலுவை வட்டியா?’ என்று கேட்டுவிட வேண்டும்.

இனிப் பெட்ரோல். நாளொன்றுக்கு 70 கி.மீ., ஆண்டுக்கு 180 கல்லூரி நாட்கள் என்றால் 12,600 கி.மீ. ஆகும். லிட்டருக்கு 45 கி.மீ. ஓடினால் 280 லிட்டர் தேவை. கணக்குக்காக லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் ஆண்டுக்கு 28,000, மூன்றாண்டில் 84,000. ஆயில், டயர், பிரேக் முதலியவற்றுக்கு ஆண்டுக்கு 4,000 வீதம் 12,000. முன்பணமும் தவணைகளும் சேர்ந்து 1,16,000. ஆக மொத்தம் 2,12,000 ரூபாய். மூன்றாண்டு கழித்து வண்டியை 40,000 ரூபாய்க்கு விற்க முடிந்தால் நிகரச் செலவு 1,72,000. ஓடிய 37,800 கி.மீ. தூரத்தால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 55 காசு. பெட்ரோல் செலவு மட்டும் 2 ரூபாய் 22 காசுதான். அதாவது, பெட்ரோல் பங்க்கில் நாம் உணரும் செலவைப் போல் இரு மடங்குக்கு மேல் உண்மைச் செலவு. லிட்டருக்கு 60 கி.மீ. தரும் நூறு சி.சி. மோட்டார் சைக்கிளாயின், அதே விலையில் கிலோமீட்டருக்கு 4 ரூபாயில் முடியும்.

வேகம் பற்றி இயற்பியல் கூறுவது

நம் சாலையில் 32 கி.மீ. தூரத்தை மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் கடக்க 48 நிமிடம் ஆகும், 60 கி.மீ. வேகத்தில் 32 நிமிடம். மிச்சம் 16 நிமிடம். இந்தப் பதினாறு நிமிடத்துக்கு நாம் தரும் விலை என்ன?

காற்றின் தடைவிசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் கூடும். 45-இல் செல்லும் வண்டி 60-இல் செல்லும்போது தடைவிசை 1.78 மடங்காகிறது. பெட்ரோல் அதற்கேற்பக் கூடுதலாகக் குடிக்கும். இது பணத்தோடு போயிற்று.

உயிரோடு தொடர்புள்ள கணக்கு வேறொன்று. இயக்க ஆற்றலும் வேகத்தின் இருமடிக்கே நேர்விகிதம். குறுக்கே ஓர் ஆடு வருகிறது. கண் கண்டு கை பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி ஆகும் என்று கொள்வோம். பிரேக் பிடித்தபின் வேகம் வினாடிக்கு வினாடி 5 மீட்டர் வீதம் குறைவதாகவும் கொள்வோம். 40-இல் வரும் வண்டி மொத்தம் 23 மீட்டரில் நிற்கும். 60-இல் வருவது 44 மீட்டர் ஓடித்தான் நிற்கும். வேகம் ஒன்றரை மடங்கு. நிற்கும் தூரமோ ஏறத்தாழ இரு மடங்கு!

சக்கரமும் பிரேக்கும்

பள்ளத்தில் சிறு சக்கரம் ஆழமாக இறங்கும். பெரிய சக்கரம் மேலாகத் தாண்டிவிடும். மோட்டார் சைக்கிளின் சக்கரம் பொதுவாக 17 அல்லது 18 அங்குலம். ஸ்கூட்டரின் சக்கரம் 10 அல்லது 12 அங்குலம். நகரத் தெருவில் ஸ்கூட்டர் வசதியானது. சரளை பெயர்ந்த சாலையில் நாள்தோறும் 70 கி.மீ. ஓட்டினால் அந்த அதிர்ச்சியை முதுகெலும்பு வாங்க வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது. ஆதலால் நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையது. நம் ஊர்களில் பலர் பின் பிரேக்கை மட்டுமே நம்புகின்றனர். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதே முறை. சக்கரம் முழுதும் பூட்டிக்கொண்டு வழுக்கினால், உருளும் சக்கரத்துக்குக் கிடைக்கும் ஓய்வுநிலை உராய்வு போய், அதனினும் குறைந்த நழுவு உராய்வே மிஞ்சும். அதனால்தான் 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும், அதற்குட்பட்ட வண்டிகளில் குறைந்தது இரு பிரேக்குகளும் இணைந்து இயங்கும் அமைப்பும் கட்டாயமாக்கப்பட்டன. பழைய வண்டி வாங்குவோர் அது எந்த ஆண்டு வண்டி என்று பார்க்க வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மின்சார ஸ்கூட்டர்

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் அடங்கியுள்ளது. அதில் பெட்ரோல் ஸ்கூட்டர் 45 கி.மீ. ஓடுகிறது. மின் ஸ்கூட்டருக்குக் கிலோமீட்டருக்கு 30 வாட்-மணி அளவில் போதும். அதே 9 யூனிட்டில் 300 கி.மீ. ஓடிவிடும். எஞ்சினில் ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாக வீணாவதும், மின் மோட்டாரில் சிறுபகுதியே வீணாவதும் இதற்குக் காரணம். அனல்மின் நிலையத்தில் முன்பே ஓர் இழப்பு நேர்ந்துவிடுகிறது என்பதையும் மறக்கலாகாது.

சார்ஜ் ஏற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து, 70 கி.மீ. பயணத்துக்கு நாளொன்றுக்கு 2.4 யூனிட் எனக் கொண்டால் ஆண்டுக்கு 432 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்றாலும் 2,600 ரூபாய்க்குள் அடங்கும். பெட்ரோலுக்கு ஆகும் 28,000 எங்கே, இது எங்கே! எனினும் இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இரு மாதத்துக்கு 72 யூனிட் கூடும்போது, இலவச மின்சார எல்லைக்குள் அடங்கிய வீடு அவ்வெல்லையைத் தாண்டக்கூடும். இரண்டாவது, விளம்பரத்தில் காணும் தூரம் சோதனை நிலையில் அளந்தது. பாட்டரிக்கு வயதாக ஆக அதன் கொள்ளளவு குறையும். எனவே நாள் தேவையைப் போல் ஒன்றரை மடங்கு தூரம் உண்மையில் ஓடும் வண்டியையே வாங்க வேண்டும். அத்தகைய வண்டியின் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. வேலையில் இருப்போருக்கும், வீட்டில் சார்ஜ் ஏற்றும் வசதி உடையோருக்கும் அது சிறந்த தேர்வு.

தூரத்தைப் பகுத்துப் பார்த்தல்

இவ்வளவும் கணக்கிட்டபின் வேறொரு வினா எழுந்தது. இந்த 35 கி.மீ. முழுவதுமா நமக்குத் தொல்லை? என் பயணத்தைப் பகுத்து எழுதிப் பார்த்தேன். செங்கம் சாலையிலுள்ள நிறுத்தத்திலிருந்து கல்லூரி 32 கி.மீ. அங்கே பேருந்து உண்டு. அரசுக் கல்லூரி மாணவர்க்குக் கட்டணமில்லாப் பயண அட்டையும் உண்டு. பௌர்ணமி, கார்த்திகை தீப நாட்களில் நெரிசல் மிகும் என்பது உண்மையே. ஆயினும் உட்கார இடம் கிடைக்கும் நாட்களில் அந்த ஒரு மணி நேரம் படிக்கும் நேரமாகிறது. ஸ்கூட்டரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாடம் படிக்க இயலாது.

எஞ்சியது நிறுத்தத்திலிருந்து ஊர் வரையுள்ள 3 கி.மீ. அந்த வழியில் விளக்கு இல்லை, வீடு இல்லை. உறவினர் அஞ்சியதும், அம்மா வாசலில் காத்திருந்ததும் இந்த மூன்று கிலோமீட்டருக்காகவே. 32 கி.மீ.க்கு வழி இருக்கிறது, 3 கி.மீ.க்குத்தான் வண்டி வேண்டும்!

இது தெளிந்ததும் முடிவு எளிதாயிற்று. அந்த 25,000 ரூபாயிலேயே பழைய மொபெட் ஒன்றை வாங்கினோம். காலையில் நிறுத்தத்தருகே தெரிந்த தேநீர்க் கடையில் நிறுத்துகிறேன்; மாலையில் எடுத்துக்கொள்கிறேன். நாளுக்கு 6 கி.மீ., ஆண்டுக்கு 1,080 கி.மீ. லிட்டருக்கு 50 என்றால் பெட்ரோல் ஆண்டுக்கு 2,200 ரூபாய்க்குள். பராமரிப்புக்கு 2,000 ஒதுக்கினாலும், வண்டி விலையும் சேர்த்து மூன்றாண்டில் 37,500 ரூபாயைத் தாண்டாது. கடன் இல்லை, மாதத் தவணை இல்லை. பிளஸ் ஒன் படித்தபோது அரசு எனக்குத் தந்த சைக்கிளில் இப்போது அப்பா வேலைக்குப் போகிறார். இந்தப் பருவத்தில் ஒரு செய்முறை வகுப்பும் நான் தவறவிடவில்லை. படிப்பை நிறுத்தும் பேச்சும் நின்றது.

பழைய வண்டி வாங்குவோர் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றத் தாமதிக்கலாகாது. விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். காப்பீட்டையும் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சிறிய வண்டிதானே என்று உரிமம் இல்லாமல் ஓட்டுவதும், 3 கி.மீ.தானே என்று தலைக்கவசம் இல்லாமல் செல்வதும் அறிவுடைமை ஆகா. 50 சி.சி.க்கு மேற்பட்ட மொபெட்டுக்கு 18 வயதும் உரிமமும் வேண்டும். தலைக்கவசத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். தோழியர் துப்பட்டாவை முடிந்துகொண்டே ஏற வேண்டும்.

எல்லார்க்கும் மொபெட்டே ஏற்றது என்று நான் கூறவில்லை. பேருந்தே இல்லாத ஊரினர்க்கு வழி முழுவதும் வண்டி தேவை. அவர்க்குப் பெரிய சக்கரமும் நல்ல பிரேக்கும் உள்ள நூறு சி.சி. மோட்டார் சைக்கிள் பொருந்தும். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கிடையே 30 கி.மீ. மொபெட் ஓட்டுவதையும் நான் பரிந்துரையேன். பின்னால் வருவோர்க்கும் நமக்கும் உள்ள வேக வேறுபாடு அங்கே ஆபத்து. ஆனால் எவராயினும் கடைக்குப் போகுமுன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துத் தம் வழியைத் துண்டு துண்டாக எழுதட்டும். எந்தத் துண்டுக்கு வழி இல்லையோ, அதற்கேற்ற வண்டியைத் தேடட்டும். நம் வீடுகளில் பெரிய தொகையைக் கொண்டு ஒரு பொருள் வாங்கும்போது கணக்குப் பார்க்கும் பொறுப்பு இப்போது நம்மிடம் வந்திருக்கிறது. வகுப்பில் கற்ற இயற்பியலும் கணிதமும் அதற்கு உதவட்டும்.